நகரத்தை ஆண்டவர்கள் – 17: நியூட்டன் தெருவிலிருந்து வந்தவர்

சென்ற இதழில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை 1938-இல் விட்டுவிட்டு வந்தோம். மேயர் ஃபிராங்க் ஷாவின் ஆட்சியில் போலீஸ் வேலையும் பதவி உயர்வும் விலைக்குப் போகின்றன என்ற புகார். ஊழலைத் துருவிய தனியார் துப்பறிவாளர் ஹாரி ரேமண்டின் காரில் குண்டு. குண்டு வைத்த வழக்கில் போலீஸ் கேப்டன் ஒருவருக்கே சிறை. கடைசியில் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு மேயரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தக் கூத்தெல்லாம் நடந்த 1930-களில்தான் நகரச் சாசனத்தில் ஒரு பூட்டுப் போட்டார்கள். போலீஸ் தலைவர் அரசியல்வாதிகளுக்குத் தலையாட்டுபவராக இருக்கக் கூடாது. ஆகவே மேயர் நினைத்த மாத்திரத்தில் அவரை நீக்க முடியாது. குற்றம் சாட்டி, விசாரித்து, நிரூபித்தால்தான் நீக்கலாம். நடைமுறையில் இதன் பொருள், அவராக விரும்பிப் போகும்வரை அந்த நாற்காலி அவருடையது.

நோக்கம் நல்லதுதான். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பூட்டு யார் கையைக் கட்டியது என்பதுதான் இந்த அத்தியாயம்.

நம் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. சென்னை மேயருக்கும் சென்னை போலீஸ் கமிஷனருக்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது. போலீஸ் மாநில அரசின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படியில்லை. குப்பை அள்ளுவது, தண்ணீர் விடுவது போலப் போலீஸும் நகர நிர்வாகத்தின் ஒரு துறை. அதனால் அங்கே மேயர் தேர்தல் என்றாலே பாதிப் பேச்சு போலீஸைப் பற்றித்தான்.

1940-இல் அந்தத் துறையில் ஓர் இளைஞர் சேர்ந்தார். ஆறடி நான்கு அங்குல உயரம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 440 கஜ ஓட்டக்காரர். பெயர் டாம் பிராட்லி. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெர்ட்டில் 1917-இல் பிறந்தவர். தாத்தா அடிமையாக இருந்தவர். அப்பாவும் அம்மாவும் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர்கள். குடும்பம் 1924-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து சேர்ந்தது. அப்பா ரயிலில் போர்ட்டர் வேலைக்குப் போய், பிறகு குடும்பத்தை விட்டே போய்விட, அம்மா வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். ஓட்டத்தில் கிடைத்த உதவித்தொகைதான் பையனைக் கல்லூரிக்குள் கொண்டுபோனது. படிப்பை முடிக்காமலே போலீஸ் தேர்வு எழுதினார். நிலையான சம்பளம், நிலையான வேலை. பொருளாதாரப் பெருமந்தத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது பெரிய விஷயம்.

அன்றைக்கு அந்தப் போலீஸ் படையில் சுமார் 4,000 பேர். அதில் கறுப்பர்கள் மிகச் சிலரே. அவர்களுக்கு இரண்டே இடங்கள்தான். ஒன்று கறுப்பர்கள் நெருங்கி வாழ்ந்த நியூட்டன் தெரு டிவிஷன், மற்றொன்று நகர மையத்தில் போக்குவரத்து. வெள்ளைக்காரப் போலீஸ்காரரோடு ஒரே ரோந்துக் காரில் உட்காரக் கூடாது. சீருடையைப் போட்டுக்கொண்டு சட்டத்தைக் காப்பாற்றும் ஆளுக்குச் சில ஓட்டல்களில் சாப்பாடு கிடையாது, சில கடைகளில் கடன் கணக்கு கிடையாது. 1950 வாக்கில் லைமர்ட் பார்க்கில் வீடு வாங்க நினைத்தபோது, வெள்ளைக்காரர் ஒருவரை முன்னால் நிறுத்தி அவர் பெயரில் வாங்கித்தான் பிராட்லி குடும்பம் குடியேற முடிந்தது.

பிராட்லி இதற்கெல்லாம் சத்தம் போட்டவர் இல்லை. வேலையைப் பார்த்தார், தேர்வுகளை எழுதினார், ஒவ்வொரு படியாக ஏறினார். இளஞ்சிறார் பிரிவில் இருந்தார். துப்பறியும் வேலை பார்த்தார். 1950-களில் பொதுமக்களோடு உறவு வளர்க்கும் பணிக்குப் போனார். மற்றவர்கள் அதை ஒதுக்கி வைக்கும் இடமாகப் பார்த்திருக்கலாம். பிராட்லியோ அதை ஒரு நகரத்தையே அறிமுகம் செய்துகொள்ளும் வாய்ப்பாக மாற்றிக்கொண்டார் என்பது என் எண்ணம். தேவாலயக் கூட்டம், வியாபாரிகள் சங்கம், யூதர் அமைப்புகள், ஜப்பானிய அமெரிக்கர்களின் கூட்டங்கள் எனப் போகாத இடமில்லை. ஓட்டுக் கேட்கப் போன அரசியல்வாதி அல்ல, குறை கேட்க வந்த போலீஸ் அதிகாரி. அந்த முகங்கள்தான் பின்னால் வாக்காளர் பட்டியலாக நின்றன.

இரவில் சட்டக் கல்லூரிக்குப் போனார். 1956-இல் வழக்கறிஞர் தேர்வில் தேறினார். 1958-இல் லெப்டினன்ட் ஆனார். அந்தக் காலத்துக் கறுப்பு அதிகாரிக்கு அங்கே எட்டிய உச்சம் அதுதான். அதற்கு மேலே ஒரு கூரை இருந்தது. கூரைக்கு மேலே வில்லியம் பார்க்கர் இருந்தார்.

1950-இல் போலீஸ் தலைவரான பார்க்கரைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். லஞ்சத்தை ஒடுக்கினார், ராணுவம் போன்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார், தொலைக்காட்சித் தொடர்கள் அவர் படையைக் கொண்டாடின. கறுப்பர், மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் பகுதிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு வேறு முகத்தைக் காட்டியது. வில்ஷயர் டிவிஷனில் பொறுப்பு அதிகாரியாக இருந்தபோது பிராட்லி ஒரு சின்னக் காரியம் செய்து பார்த்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே காரில் ரோந்து போக விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார். முன்வந்த வெள்ளைக்காரர்களைச் சக போலீஸ்காரர்களே கேலியும் வசையுமாகத் துரத்தினார்கள். ஏற்பாடு நிலைக்கவில்லை. மேலிடமும் கைகொடுக்கவில்லை.

1961-இல், 21 ஆண்டு சேவைக்குப் பிறகு, வேலையை விட்டு வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தார். வந்த கையோடு அரசியல் கதவைத் தட்டினார். பத்தாவது வட்டத்தின் நகர மன்ற உறுப்பினர் வேறு பதவிக்குப் போனதால் அந்த இடம் காலியாக இருந்தது. வட்டத்து மக்கள் பலர் பிராட்லியை நியமிக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். நகர மன்றம் ஜோ ஹாலிங்ஸ்வொர்த் என்ற வெள்ளைக்காரரை நியமித்தது. அவரைத் திரும்ப அழைக்கக் கையெழுத்து இயக்கம் நடந்தது, அதுவும் பலிக்கவில்லை. பிராட்லி பொறுத்திருந்தார். 1963 ஏப்ரலில் அதே ஹாலிங்ஸ்வொர்த்தைத் தேர்தலில் தோற்கடித்தார். சில மாதங்களுக்கு முன் கில்பர்ட் லிண்ட்சே என்ற கறுப்பரை நகர மன்றம் நியமனம் செய்திருந்தது. ஆனால் மக்கள் ஓட்டில் வென்று அந்த மன்றத்துக்குள் நுழைந்த முதல் கறுப்பர் பிராட்லிதான். அதுவும் கறுப்பர், வெள்ளையர், ஆசிய வம்சாவளியினர் கலந்து வாழ்ந்த வட்டத்தில்.

உள்ளே போனதும் பழைய துறையோடு உரசல் தொடங்கியது. 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் ஒரு வாகனச் சோதனையில் பற்றிய கலவரத் தீ ஆறு நாள் எரிந்து 34 உயிர்களைத் தின்றது. அடுத்த ஆண்டு, பிரசவ வலியில் துடித்த மனைவியைக் காரில் வேகமாக ஏற்றிப்போன லெனார்ட் டெட்வைலரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். இரண்டு சமயங்களிலும் போலீஸைக் கேள்வி கேட்ட குரல்களில் பிராட்லியின் குரலும் இருந்தது. உள்ளே இருந்து வந்தவர் கேட்பதால் கேள்வி ஆழமாகத் தைத்தது. பார்க்கருக்கும் அவரைப் பின்பற்றியவர்களுக்கும் பிராட்லி ஒரு துரோகி போலத் தெரிந்தார். தோல் நிறத்தைவிட இந்தக் கோபம்தான் நீண்ட நாள் நீடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1969-இல் மேயர் தேர்தலுக்கு நின்றார். பதவியில் இருந்தவர் சாம் யோர்ட்டி. முதல் சுற்றில் பிராட்லிக்கு 42 சதவீதம், யோர்ட்டிக்கு 26 சதவீதம். பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று. யோர்ட்டிக்கு அப்போது கையில் இருந்த ஆயுதம் பயம் ஒன்றுதான். அதைக் கூச்சமில்லாமல் எடுத்தார். பிராட்லி ஜெயித்தால் தீவிரவாதக் கறுப்பர்களிடம் நகரம் போய்விடும் என்றார். பிராட்லியின் பிரசாரக் குழுவில் முன்னாள் கம்யூனிஸ்ட் ஒருவர் இருந்ததைப் பிடித்துக்கொண்டு ஆடினார். எல்லாவற்றுக்கும் மேலாக, பிராட்லி வந்தால் போலீஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்றார். 21 ஆண்டு அந்தச் சீருடையைப் போட்ட மனிதரைப் பார்த்து, போலீஸ் சீருடையே போடாத ஒருவர் சொன்னது இது. கருத்துக் கணிப்புகள் பிராட்லியின் பக்கம் நின்றன. பெட்டியைத் திறந்தால் யோர்ட்டிக்கு 53 சதவீதம்.

அதே இருவர் 1973-இல் மறுபடியும் மோதினார்கள். பிராட்லி இந்த முறை பயத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தன் போலீஸ் ஆண்டுகளையே முன்னால் வைத்தார். குற்றத்தைப் பற்றி என்னைவிட இவருக்கு என்ன தெரியும் என்பதுதான் அந்தப் பிரசாரத்தின் சாரம். பயமுறுத்தும் பழைய பாட்டு இரண்டாம் முறை எடுபடவில்லை. ஏறக்குறைய 56 சதவீத ஓட்டுகளோடு பிராட்லி மேயரானார். நகர மக்களில் கறுப்பர்கள் அப்போது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மேற்குப் பகுதியின் யூத நடுத்தர வர்க்கமும் தெற்கின் கறுப்பர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. இருபது ஆண்டுகளுக்கு அந்தக் கூட்டணி உடையவில்லை. பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எர்ல் வாரன், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு எழுதியவர்.

மேயர் ஆகிவிட்டார், சரி. போலீஸ்?

லாஸ் ஏஞ்சலஸில் மேயர் அப்படியொன்றும் பலமான ஆள் இல்லை. 15 பேர் கொண்ட நகர மன்றம் ஒருபுறம், துறைகளை மேற்பார்வையிடும் கமிஷன்கள் மறுபுறம். போலீஸ் கமிஷனின் ஐந்து உறுப்பினர்களை மேயர் நியமிக்கலாம். அந்தக் கமிஷன் போலீஸ் தலைவருக்குப் பெயரளவில் மேலதிகாரி. ஆனால் தலைவரை அசைக்க முடியாது. பிராட்லி வந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் எட் டேவிஸ். விமானம் கடத்துபவர்களை விமான நிலையத்திலேயே தூக்கில் போட வேண்டும் என்று சொல்லிப் பெயர் வாங்கியவர். 1978-இல் அவர் போனதும் வந்தவர் டாரில் கேட்ஸ். பிராட்லி போலீஸில் சேர்ந்து ஒன்பது ஆண்டு கழித்து 1949-இல் சேர்ந்தவர். இளம் வயதில் பார்க்கருக்குக் கார் ஓட்டியவர். ஒருவர் பார்க்கரின் படையை விட்டு வெளியேறி மேயரானார், மற்றவர் பார்க்கரின் காரிலிருந்து இறங்கித் தலைவரானார் என்று சொல்லலாம்.

1979 ஜனவரியில் யூலா லவ் என்ற விதவைத் தாய் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தகராறு கட்டாத எரிவாயு பில்லில் தொடங்கியது. தொகை 22 டாலர் 9 சென்ட். பிராட்லி நியமித்த கமிஷன் விசாரித்துச் சுட்டவர்கள் தவறு செய்தார்கள் என்றது. கேட்ஸ் அவர்களைத் தண்டிக்கவில்லை. 1982-இல், கழுத்தை நெரித்துப் பிடிக்கும் முறையில் கறுப்பர்கள் அதிகம் சாவது ஏன் என்ற கேள்விக்கு, அவர்களுடைய இரத்தக் குழாய்கள் சாதாரண மனிதர்களுடையதைப் போல உடனே திறப்பதில்லை போலும் என்ற தோரணையில் கேட்ஸ் பேசினார். நகரம் கொதித்தது. நாற்காலி அசையவில்லை. போலீஸின் உளவுப் பிரிவு ஒன்று சட்டப்படி இயங்கிய அமைப்புகளையும் வேவு பார்த்துக் கோப்புச் சேர்த்தது அம்பலமாகி, 1983-இல் அந்தப் பிரிவை மூடினார்கள். அப்போதும் அசையவில்லை.

மற்ற விஷயங்களில் பிராட்லியின் கை ஓங்கியிருந்தது. 1976-இல் ஒலிம்பிக்ஸ் நடத்திய மாண்ட்ரியல் பெருங்கடனில் மூழ்கிக் கிடந்ததால், 1984 போட்டியைக் கேட்க நகரங்களே இல்லை. வரிப்பணத்தைத் தொடாமல் நடத்துகிறோம் என்று ஒலிம்பிக் கமிட்டியோடு பேரம் பேசி வாங்கினார் பிராட்லி. பீட்டர் யூபராத் நடத்திக் காட்டினார். 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம். துறைமுகம் விரிந்தது, நகர மையத்தில் கோபுரங்கள் எழுந்தன. நகர அலுவலகங்களில் பெண்களும் சிறுபான்மையினரும் வேலைக்கு வந்தார்கள். பதவியேற்ற 18 மாதத்தில் ரயில் பாதை வேலையைத் தொடங்குவேன் என்று 1973-இல் சொன்னார். முதல் ரயில் 1990-இல்தான் ஓடியது. இடையில் 1982-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்று, 75 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில் ஒரு லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். கணிப்பில் ஜெயித்த கறுப்பு வேட்பாளர் பெட்டியில் தோற்பதற்கு ‘பிராட்லி விளைவு’ என்று அரசியல் பண்டிதர்கள் பெயர் வைத்தார்கள். அந்தத் தேர்தலில் தபால் ஓட்டுகளும், கைத்துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்க்கக் கிளம்பி வந்த கிராமப்புற ஓட்டுகளும் இருந்தன என்பதைப் பெயர் வைத்தவர்கள் அவ்வளவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே பிராட்லி மீது எனக்கு ஒரு மனக்குறை. அவருடைய நிதானம் அவரைத் தூக்கிவிட்டது. அதே நிதானம் போலீஸ் விஷயத்தில் ஒதுங்கலாக மாறியது. பத்திரிகைக்காரர்கள் அவரை நகர மாளிகையின் ஸ்ஃபிங்ஸ், அதாவது மனதில் உள்ளதைக் காட்டாத சிலை, என்றார்கள். 1980-களின் பிற்பாதியில் கோகெய்ன் வியாபாரமும் கும்பல் சண்டையும் முற்றியபோது, ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வளைத்துப் பிடிக்கும் வேட்டைகளை கேட்ஸ் நடத்தினார். நியூட்டன் தெருவில் ரோந்து போன மனிதருக்கு அந்த வேட்டை தெருவில் எப்படித் தெரியும் என்பது தெரியாமல் இருந்திருக்காது. அவர் குறுக்கே நிற்கவில்லை. குற்றத்தின்மேல் மென்மையானவர் என்ற 1969-இன் வசையை மறுபடி கேட்க அவர் தயாராக இல்லை போலும். 1989-இல் ஐந்தாம் முறை மேயரானார், சிரமப்பட்டு. ஒரு வங்கியிடம் ஆலோசகர் சம்பளம் வாங்கிய விவகாரமும் அந்த ஆண்டில் அவர் பெயரில் கறை பூசியது.

1991 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். துரத்திப் பிடித்த ரோட்னி கிங்கைப் போலீஸ்காரர்கள் தடியால் அடித்ததை எதிரே குடியிருந்த ஒருவர் பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிகள். உலகமே பார்த்தது. ஏப்ரல் தொடக்கத்தில் பிராட்லி, கேட்ஸ் பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். கேட்ஸ் மறுத்தார். போலீஸ் கமிஷன் அவரை 60 நாள் கட்டாய விடுப்பில் அனுப்பியது. நகர மன்றம் கேட்ஸின் பக்கம் சாய்ந்தது. நீதிமன்றம் அவரைத் திரும்ப உட்கார வைத்தது. 1930-களில் போட்ட பூட்டு இப்போதும் உறுதியாகவே இருந்தது. அன்று முதல் மேயரும் போலீஸ் தலைவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே நகரம், ஓராண்டுக்கு மேல்.

பிராட்லி அமைத்த விசாரணைக் குழுவுக்கு வாரன் கிறிஸ்டஃபர் தலைவர். பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரானவர். ஜூலையில் அறிக்கை வந்தது. ரோந்துக் கார்களின் கணினிகளில் போலீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட இனவெறிக் குறுஞ்செய்திகளை அது அச்சிட்டது. அத்துமீறி அடித்ததாக ஆறும் அதற்கு மேலும் புகார் வாங்கிய 44 பேர் படையில் இருப்பதைக் காட்டியது. போலீஸ் தலைவருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், அதிகபட்சம் இருமுறை. கேட்ஸ் போக வேண்டும் என்று பரிந்துரைத்தது. சாசனத்தைத் திருத்த மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். 1992 ஜூன் 2 என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முன்பே ஏப்ரல் 29 வந்துவிட்டது. சிமி வேலியில் நடுவர் குழு, கிங்கை அடித்த வழக்கில் நிறுத்தப்பட்ட நான்கு போலீஸ்காரர்களையும் அநேகமாக எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. நாம் எல்லோரும் கண்ணால் பார்த்ததைக் குற்றமே இல்லை என்கிறார்களா என்று பிராட்லி வெளிப்படையாகவே பொங்கினார். இருபதாண்டு மேயர் வாழ்வில் அவர் அப்படிப் பேசியது அபூர்வம்; அன்று வெடித்த கலவரத்துக்கு அந்தப் பேச்சும் காரணம் என்று பிற்பாடு பழி சொன்னவர்கள் உண்டு. மாலையில் கறுப்பர்களின் பெரிய தேவாலயம் ஒன்றில் அமைதிக்காகக் கூடியவர்கள் நடுவே பிராட்லி நின்றிருந்தார். கேட்ஸ், பிரெண்ட்வுட் என்ற பணக்காரப் பகுதியில், அந்தச் சாசனத் திருத்தத்தை எதிர்த்து நிதி திரட்டும் கூட்டத்துக்குப் போயிருந்தார். தெற்கே கடைகள் எரியத் தொடங்கியிருந்தன. முக்கியச் சந்திப்புகளிலிருந்து போலீஸ் பின்வாங்கியிருந்தது. மேயர் ஊரடங்கு அறிவித்தார், தேசியக் காவற்படை வந்தது, பிறகு ராணுவமும் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேதம் சுமார் 100 கோடி டாலர்.

ஐந்து வாரம் கழித்து மக்கள் ஓட்டுப் போட்டார்கள். மூன்றில் இருவர் திருத்தத்துக்கு ஆதரவு. ஜூன் கடைசியில் கேட்ஸ் போனார். அவர் இடத்துக்கு ஃபிலடெல்ஃபியாவின் போலீஸ் கமிஷனராக இருந்த வில்லி வில்லியம்ஸ் வந்தார். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் முதல் கறுப்புத் தலைவர். அந்தப் படையில் பிராட்லி முதன்முதல் சீருடை போட்டு அப்போது 52 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆண்டு. 1993-இல் மறுபடி போட்டியிடவில்லை; தொழிலதிபர் ரிச்சர்ட் ரியோர்டன் மேயரானார். 1996-இல் மாரடைப்பும் அதைத் தொடர்ந்த பக்கவாதமும் பிராட்லியின் பேச்சைப் பறித்தன. 1998 செப்டம்பரில் காலமானார்.

வில்லி வில்லியம்ஸ் வெளியூர்க்காரர். நகரத்தின் தெருக்களும் தெரியாது, படையின் உள்பகைகளும் தெரியாது. புதிய சாசனப்படி வந்த முதல் தலைவரை ஐந்தே ஆண்டில் அதே சாசனத்தைக் காட்டி வெளியே அனுப்பிய கதை அடுத்த இதழில்.